மொட்டை போடாத கேன்சர்காரன்

இரண்டு இட்லிக்கு மேல் இறங்கவில்லை, இடது விலாவுக்குக் கீழே கல்லைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி ஒரு பாரம். வாயு என்று நானே முடிவு கட்டி இரண்டு மாதம் ஓமவாட்டர் குடித்தேன். ஜெராக்ஸ் கடையில் நாள் முழுக்க நிற்கிற வேலை, சாயங்காலம் அசதி வரத்தானே செய்யும் என்று அதையும் கண்டுகொள்ளவில்லை. கடைசியில் வீட்டில் நச்சரிப்பு தாங்காமல் ரத்தம் கொடுத்தால் வெள்ளையணு 1,84,000. பதினோராயிரத்தைத் தாண்டக் கூடாதாம். மெஷின் கோளாறு என்று நினைத்து லேப் பையன் மறுபடி குத்தினான், அதே கணக்குதான் வந்தது.

அப்புறம் இடுப்பு எலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜை எடுத்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்வார்கள், ஆனாலும் உறிஞ்சுகிற அந்த ஒரு நொடி, காலை உள்ளேயிருந்து யாரோ சுண்டி இழுப்பது போல இருக்கும், அதை எதிர்பார்த்துக்கொண்டே போங்கள். முடிவு வந்தது: சிஎம்எல், ரத்தப் புற்றுநோயில் மெதுவாக வளருகிற ஒரு வகை. விலாவுக்குக் கீழே இருந்த கல், வீங்கிப்போன மண்ணீரல். டாக்டரம்மா சீட்டின் பின்பக்கம் இரண்டு கோடு போட்டு, 9-ம் குரோமோசோமும் 22-ம் குரோமோசோமும் துண்டு மாறி ஒட்டிக்கொண்டதில் வந்தது என்று விளக்கினார். எனக்குப் பாதி புரியவில்லை. பிள்ளைகளுக்கு வருமா என்று மட்டும் கேட்டேன். பரம்பரையாக வருகிற நோய் இல்லை என்றார். அன்றைக்கு அது போதுமாக இருந்தது.

கேன்சர் என்றால் மொட்டைத் தலையும் ட்ரிப்ஸும்தான் என்று நினைத்திருந்த எனக்கு எழுதிக் கொடுத்தது ஒரே ஒரு மாத்திரை. இமாடினிப் 400 மில்லிகிராம், தினம் ஒன்று, சாப்பிட்டவுடன், பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரோடு. எத்தனை மாதம் என்றேன். "சுகர் மாத்திரை மாதிரி நினைச்சுக்கோங்க" என்றார். 2001-ல்தான் அமெரிக்காவில் இதற்கு அனுமதியே கிடைத்தது. இதைக் கொண்டுவந்த நோவார்ட்டிஸ் கம்பெனி இங்கே கேட்ட காப்புரிமையை 2013-ல் உச்ச நீதிமன்றம் மறுத்ததால்தான் நம்மூர் கம்பெனிகள் இதைத் தொடர்ந்து செய்ய முடிந்தது, அந்த மாத்திரையைத்தான் நான் வாங்கிச் சாப்பிடுகிறேன். அந்தத் தீர்ப்பு வந்த அன்று பேப்பரில் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருப்பேன், நமக்கென்ன என்று.

மூன்றே வாரத்தில் வெள்ளையணு இறங்கிவிட்டது, இட்லி நாலு இறங்கியது. ஆனால் காலையில் கண்ணைச் சுற்றி வீங்கிக்கொள்ளும். கடைக்கு வருகிறவர்கள் "நேத்து ராத்திரி பலமா அண்ணே?" என்பார்கள். நடு ராத்திரியில் கெண்டைக்கால் சுண்டி இழுக்கும், எழுந்து சுவரில் பாதத்தை அழுத்திக்கொண்டு நிற்பேன். வெறும் வயிற்றில் போட்டுவிட்டாலோ அரை மணி நேரத்தில் வாந்தி.

நான் செய்த தப்பு இங்கேதான். இதில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிசிஆர் என்று ஒரு டெஸ்ட், துண்டு மாறி ஒட்டிய அந்த மரபணு ரத்தத்தில் இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது. மூன்றாவது மாதம் பத்து சதவீதத்துக்குக் கீழே, ஆறாவது மாதம் ஒன்றுக்குக் கீழே, ஒரு வருடத்தில் 0.1, இப்படி இறங்கிக்கொண்டே வரவேண்டும். முதல் தடவை 7 வந்தது. வீட்டில் கேசரி கிண்டினாள். அந்தத் தைரியத்தில், கல்யாண வீடு, பங்குனிப் பொங்கல், வெளியூர் என்று போகிற இடங்களில் வாந்தி வந்தால் அசிங்கம் என்று மாத்திரையைப் பையிலேயே வைத்துக்கொள்வேன். மாதத்துக்கு நாலைந்து போயிருக்கும். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, ஒன்றும் தெரியவில்லை. ஆறாவது மாதம் 3.5.

டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "ஒழுங்கா போடுறீங்களா?" என்று கேட்டார். போடுகிறேன் என்றுதான் வாய் சொன்னது. அடுத்து, மாத்திரை வேலை செய்யவில்லையோ என்று வேறொரு டெஸ்டும், இதைவிடப் பல மடங்கு விலையுள்ள வேறு மாத்திரையும் பற்றிப் பேச ஆரம்பித்தபோதுதான் உண்மையைச் சொன்னேன். பக்கத்தில் இருந்த என் மனைவிக்கும் அப்போதுதான் தெரியும். பஸ்ஸில் விருதுநகர் வரும் வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் காலி ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றை அலமாரியில் வைத்தாள். தீர்ந்த அட்டையெல்லாம் அதில் போடவேண்டும், மாதக் கடைசியில் எண்ணுவாளாம். கேவலமாக இருந்தது, ஆனால் ஒரு நாள்கூட விடவில்லை. ராத்திரி சாப்பாட்டுக்கு மாற்றிக்கொண்டதில் வாந்தியும் நின்றது. இதை டாக்டரிடம் முதலிலேயே கேட்டிருக்கலாம். சித்தப்பா கொண்டுவந்த மூலிகைப் பொடியையும் கேட்டுவிட்டுத்தான் வேண்டாம் என்றேன், இந்த மாத்திரையோடு எது சேரும், எது சேராது என்று நாமாக முடிவு செய்ய முடியாது. ஒரு வருடத்தில் 0.6, ஒன்றரை வருடத்தில் 0.08.

சொந்தக்காரர்களுக்குத்தான் இன்னும் சந்தேகம். முடி கொட்டவில்லை, இளைக்கவில்லை, கடையைத் திறக்கிறான், இவனுக்கு நிஜமாகவே கேன்சரா என்று ஒரு அத்தை என் முகத்துக்கு நேராகவே கேட்டார். என்ன சொல்வது, சிரித்து வைத்தேன்.

பல வருடம் நோய் அடங்கியே இருந்தால் சிலருக்கு மாத்திரையை நிறுத்திப் பார்ப்பார்களாம், கேட்டதற்கு டாக்டரம்மா "அது இப்போ எதுக்கு?" என்று பேச்சை முடித்துவிட்டார். அடுத்த பிசிஆர் ஜனவரியில். ரத்தம் கொடுத்தால் ரிசல்ட் வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், அந்த நாட்களில் போன் அடித்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். அதனால் பொங்கல் முடிந்துதான் போவது என்று வீட்டில் சொல்லிவிட்டேன். அவள் அதற்கும் டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான் சரி என்றாள்.