பாண்டொலேரோவிலிருந்து லேட் மாடல் வரை: மகனோடு ரேஸ் டிராக்கில்

அமெரிக்காவின் வட கரோலினாவில், சார்லட் பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகளை நீச்சல், பரதம், ஸ்பெல்லிங் போட்டி என்று அழைத்துப்போகிறவர்கள் நிறைய. ரேஸ் டிராக்குக்கு அழைத்துப்போகிறவர்கள் எனக்குத் தெரிந்து நாங்கள் ஒரு வீடுதான். அதனால் யாராவது போன் செய்து "எப்படி ஆரம்பிச்சீங்க, எவ்வளவு ஆகுது, பயமா இல்லையா" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு மணி நேரம் பேசுவதைவிட எழுதிவிடுவது மேல்.

நான் கோயம்புத்தூர்க்காரி. ரேஸ் என்பது எங்கள் ஊருக்குப் புதிதில்லை. நாராயண் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன் ஓட்டியது எல்லோருக்கும் தெரியும். அவர் 2010-இல் இங்கே நாஸ்கார் என்ற அமெரிக்க ரேஸ் அமைப்பின் டிரக் தொடரில் (பிக்அப் டிரக் உருவ வண்டிகளின் ரேஸ்) ஓடியதும், மார்ட்டின்ஸ்வில்லில் தன் முதல் ரேஸில் 13-ஆவதாக வந்ததும், அந்த ஆண்டு அந்தத் தொடரின் ரசிகர் அபிமான ஓட்டுநராகத் தேர்வானதும் பலருக்குத் தெரியாது. எனக்கே இங்கே வந்த பிறகு, டிராக்கில் கார்களைத் தயார்செய்யும் இடமான பிட்டில் ஒரு வயதானவர் சொல்லித்தான் தெரிந்தது. "உங்கள் நாட்டுக்காரர் ஒருவர் ஓடினாரே" என்றார். என் ஊர்க்காரரே என்றேன்.

முதலில் இடத்தைச் சொல்லவேண்டும். சார்லட் மோட்டார் ஸ்பீட்வே உண்மையில் கான்கார்டில் இருக்கிறது. பெரிய டிராக் ஒன்றரை மைல். அதன் முன்பக்க நேர்ச்சாலையையும் பிட் சாலையையும் சேர்த்துக் கால் மைலுக்கு ஒரு தட்டையான வட்டம் உண்டு. கோடையில், வார நாள் இரவுகளில், சம்மர் ஷூட்அவுட் என்ற பெயரில் அங்கேதான் சின்னப் பிள்ளைகளின் ரேஸ் நடக்கிறது. நாஸ்கார் அணிகளில் பெரும்பாலானவற்றின் பட்டறைகள் கான்கார்ட், மூர்ஸ்வில், ஹன்டர்ஸ்வில் என்று சுற்றுவட்டாரத்தில்தான் இருக்கின்றன. பகலில் நாஸ்காரின் உச்சத் தொடரான கப் தொடரின் காருக்கு ஸ்பிரிங் மாற்றுகிறவர் மாலையில் பக்கத்து வீட்டுப் பையனின் காருக்கு அடியில் படுத்திருப்பார். இந்த ஊரை வைத்துத்தான் எங்களுக்கு இது சாத்தியமானது. வேறு மாநிலத்தில் இருந்திருந்தால் ஆரம்பித்திருக்கவே மாட்டோம்.

மகன் ஒன்பது வயதில், பிள்ளைகளுக்கான சின்ன ரேஸ் காரான பாண்டொலேரோவில் ஏறினான். எட்டு வயதிலிருந்து ஓட்டலாம். இரும்புக் குழாய்க் கூண்டு, மேலே ஃபைபர் உடல், பின்னால் சுமார் 30 குதிரைத்திறனில் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் இன்ஜின். கதவு கிடையாது, கூரை வழியாக இறங்கவேண்டும். கியரும் கிடையாது. வலது கால் ஆக்சிலரேட்டர், இடது கால் பிரேக், அவ்வளவுதான். பழைய காரைத்தான் வாங்கினோம், நீங்களும் அப்படியே செய்யுங்கள். இந்த வட்டாரத்தில் கை மாறிக்கொண்டே இருக்கும். நன்றாக வைத்திருந்தால் போட்ட பணத்தில் பெரும்பகுதி திரும்பிவிடும்.

காரில் மிச்சம் பிடிக்கலாம், பாதுகாப்புச் சாமானில் கூடாது. ஹெல்மெட்டில் 'எஸ்ஏ' என்று தொடங்கும், ஸ்னெல் என்ற சோதனை அமைப்பின் முத்திரை இருக்கவேண்டும். வீட்டில் இருக்கும் பைக் ஹெல்மெட் எவ்வளவு விலையானாலும் செல்லாது, ஏனென்றால் அதற்குத் தீயைத் தாங்கும் சோதனை கிடையாது. தீப்பிடிக்காத உடை, கையுறை, ஷூ, அப்புறம் மோதும்போது தலை முன்னால் வெட்டி இழுக்காமல் பிடித்துக்கொள்ளும் கழுத்துச் சாதனம். பிள்ளை வளர வளர உடை சிறுத்துக்கொண்டே போகும். தீபாவளித் துணி மாதிரி வருடாவருடம்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு காகிதம் இருக்கிறது. பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால் பெற்றோர் நோட்டரி முன்னால் கையெழுத்துப் போடவேண்டும். என் கணவர் உடனே போட்டுவிட்டார். எனக்கு அது முடியவில்லை. காயம், நிரந்தர ஊனம், மரணம் என்று மறைக்காமல் எழுதியிருந்தது. வேலைக்குப் போகும்போதும் பையிலேயே வைத்திருந்தேன். கடைசியில் போட்டதற்குக் காரணம் தைரியம் வந்ததல்ல. ஒரு இரவு பிட்டில் நின்று, கவிழ்ந்த காரிலிருந்து ஒரு சிறுமி தானே பெல்ட்டைக் கழற்றி வெளியே வந்து, தன் காரைத் தூக்க வந்தவர்களிடம் முன்சக்கரம் வளைந்திருக்கிறதா என்று கேட்டதைப் பார்த்தேன். கூண்டு தன் வேலையைச் செய்கிறது என்று அன்று புரிந்தது. பயம் இன்றும் இருக்கிறது. அதைக் கேட்கிறவர்களுக்கு அதுதான் பதில்.

பாண்டொலேரோ காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஜெயித்தான், தோற்றான், ஐஸ்கிரீம் சாப்பிட்டான். கான்கார்டிலேயே வளர்ந்து இதே காரில் பழகிய கறுப்பின ஓட்டுநர் பப்பா வாலஸ் இன்று கப் தொடரில் ஜெயிக்கிறவர். அவர் படம் மகனின் அறையில் இருக்கிறது. நம் நிறத்துப் பிள்ளைக்கு அந்தப் படம் என்ன செய்யும் என்று நான் விளக்கவேண்டியதில்லை.

பதின்மூன்றில் லெஜண்ட்ஸ் காருக்கு மாறியபோதுதான் உண்மையான படிப்பு தொடங்கியது. 1930, 40-களின் கார்களை எட்டில் ஐந்து பங்கு அளவில் செய்தது போன்ற உருவம்; உள்ளே யமஹா பைக் இன்ஜின். 1992-இல் இந்த ஸ்பீட்வேயில்தான் இதை முதலில் அறிமுகப்படுத்தினார்கள். ஓட்டுநரோடு சேர்த்து 1,300 பவுண்ட் எடை, 125 குதிரைத்திறன் அளவுக்குச் சக்தி. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 73 அங்குலம்தான். நீளம் குறைவான கார் என்பதால் பின்பக்கம் சறுக்கினால் யோசிக்க நேரம் தராது. அந்த முதல் கோடை முழுக்கச் சுற்றிச் சுற்றி நின்றான்.

எங்களுக்கு உதவ வந்தவர் கப் அணி ஒன்றில் பல காலம் இருந்து ஓய்வுபெற்ற மெக்கானிக். கார் உள்ளே வந்ததும் டயரில் ஊசி வெப்பமானியைக் குத்தி ஒவ்வொரு டயருக்கும் மூன்று இடத்தில் சூடு பார்ப்பார்: உள் ஓரம், நடு, வெளி ஓரம். நான் நோட்டில் எழுதுவேன். நடுவில் அதிகச் சூடு என்றால் காற்று கூடுதல். ஒரு ஓரம் மட்டும் கொதித்தால் சக்கரம் சாய்ந்து நிற்கும் கோணம் சரியில்லை. இதெல்லாம் முடிந்தபின் மகனிடம் குனிந்து, "எப்படி இருக்கிறது?" என்பார். அவன் "ஓகே" என்பான்.

அவர் ஒரு நாள் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். "ஓகே என்றால் நான் எந்த போல்ட்டைத் திருப்பட்டும்?"

குறை அவனுடையதல்ல. பெரியவர் கேட்டால் தலையாட்டு, குறை சொல்லாதே என்று வளர்த்தது நாங்கள். இங்கே அதே பெரியவரிடம் "நீங்கள் மாற்றியது மோசமாகிவிட்டது" என்று முகத்துக்கு நேராகச் சொல்லவேண்டும். அதுவும் துல்லியமாக. முன்பக்கம் திரும்ப மறுத்தால் டைட், பின்பக்கம் வெளியே ஓடினால் லூஸ் என்பார்கள். அது திருப்பத்தில் நுழையும்போதா, நடுவிலா, வெளியேறும்போதா? முதல் சுற்றிலேயேவா, டயர் சூடான பின்பா? பிரேக்கை விட்ட நொடியிலா, ஆக்சிலரேட்டரை மிதித்தபின்பா? ஒவ்வொரு பதிலுக்கும் வேறு வேறு வைத்தியம். தவறான பதில் சொன்னால் நல்ல காரையும் கெடுத்துவிடுவார்கள்.

அதனால் வீட்டில் ஒரு பழக்கம் வைத்தோம். ரேஸ் முடிந்து வந்த இரவு, தோசை ஊற்றிக்கொண்டே நான் கேட்பேன், அவன் திருப்பம் திருப்பமாகச் சொல்லவேண்டும். "நல்லா இருந்துச்சும்மா" என்றால் அடுத்த தோசை கிடையாது. ஒரு சீசனில் வாய் திறந்துவிட்டது. லேப் நேரமும் அதன்பிறகுதான் இறங்கியது. பிட்டில் இவனைவிட வேகமான பையன்கள் இருந்தார்கள், இன்னும் இருக்கிறார்கள். ஆனால் மேலே இருக்கும் அணிகளிலிருந்து முதலில் இவனைக் கூப்பிட்டுப் பேசினார்கள். காரை முழுதாகக் கொண்டுவருகிறான், கேட்டால் பதில் சொல்கிறான் என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம்.

நடுவில் ஒரு வேடிக்கை. வட கரோலினாவில் சாலையில் ஓட்டப் பழகுவதற்கான அனுமதியே பதினைந்தில்தான் கிடைக்கும். அதற்குள் ரேஸ் உரிமம் இவனிடம் பழையதாகிவிட்டது. பழகுநர் அனுமதியோடு ஐ-85 நெடுஞ்சாலையில் முதல்முறை ஏறியபோது வலது லேனை விட்டு நகரவில்லை. ஏன்டா என்றால், "இங்க யாருக்கும் ஸ்பாட்டர் இல்லம்மா" என்றான்.

ஸ்பாட்டர் என்றால், பக்கத்தில் எந்தக் கார் வருகிறது என்று உயரத்தில் நின்று பார்த்து ஓட்டுநருக்கு ரேடியோவில் சொல்கிறவர். அந்தக் கதைக்கு வருகிறேன். லெஜண்ட்ஸில் ஓட்டுநர் காதில் கட்டுப்பாட்டு அறையின் குரல் மட்டும் கேட்கும், திருப்பிப் பேச முடியாது. அடுத்த படியான, முழு அளவுக் காரான லேட் மாடல் ஸ்டாக் காரில் இருவழி ரேடியோ. மேலே நின்று ஒருவர் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும், ஏனென்றால் கழுத்துச் சாதனமும் இருக்கையின் தலைத்தாங்கியும் சேர்ந்து பக்கத்தில் திரும்பிப் பார்க்க விடாது. நாஸ்காரின் உள்ளூர் வாராந்திரத் தொடரில் பதினான்கு வயதில் லேட் மாடல் ஓட்டலாம். நாங்கள் பதினைந்தில் போனோம். இடம் ஹிக்கரி. 1951-இல் திறந்த, அரை மைலுக்கும் குறைவான டிராக். அதன் தார் டயரைத் தின்றுவிடும். வி-8 இன்ஜின், 3,000 பவுண்டு கார். லெஜண்ட்ஸில் இருந்து வந்தவனுக்கு லாரி ஓட்டுவது போல இருந்தது என்றான்.

முதல் பயிற்சி நாளில் வரவேண்டிய ஸ்பாட்டர் வரவில்லை. ரேடியோவை என் கையில் கொடுத்தார்கள். ஆங்கிலத்தில்தான் ஆரம்பித்தேன். நாலு கார் ஒன்றாக மூன்றாம் திருப்பத்தில் நுழைந்ததும் தானாகத் தமிழ் வந்துவிட்டது. "உள்ள ஒருத்தன்... இன்னும் உள்ள... பாதி வண்டி... வால்... கிளியர், கிளியர்." பயிற்சி முடிந்து இறங்கியவன் சொன்னது: "கொஞ்சம் கம்மியா பேசும்மா. 'பாத்துடா' மட்டும் சொல்லாத. எதைப் பாக்கன்னு தெரியல." நியாயம். அன்று அந்த மெக்கானிக் இவனுக்குச் சொன்னதையே இவன் எனக்குச் சொன்னான். இப்போது பெரும்பாலான சனிக்கிழமைகளில் நான்தான் மேலே நிற்கிறேன். அக்கம்பக்கத்து ஸ்பாட்டர்களுக்கு எங்கள் மொழி புரியாதது சிறு லாபம்.

பணம். மறைத்து எழுதினால் பிரயோஜனமில்லை. லேட் மாடல் காரை நாங்கள் வாங்கவில்லை, அணியிடம் ரேஸ் கணக்கில் வாடகைக்கு ஓட்டுகிறான். ஒரு சனிக்கிழமைக்கு மூவாயிரம் டாலருக்குக் கீழே எங்களிடம் யாரும் பேசவில்லை. டயர் பல இடங்களில் தனி. ஒப்பந்தத்தில் முதலில் பார்க்கவேண்டிய வரி, மோதினால் எவ்வளவு வரை உங்கள் தலையில் விழும் என்பது. உச்சவரம்பு எழுதாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். எங்கள் பக்கத்து இந்திய மளிகைக்கடைக்காரர் கொஞ்சம் கொடுத்தார், அவர் கடைப் பெயர் பின்சக்கரத்துக்கு மேலே ஒட்டியிருக்கிறது. அங்கேதான் அடி அதிகம் விழும் என்பதால் ஸ்டிக்கரை அடிக்கடி மாற்றவேண்டியிருக்கிறது. பாவம், அவர் ஒன்றும் சொல்வதில்லை.

எல்லோரும் கப் ஓட்டுநர் வில்லியம் பைரனை உதாரணம் காட்டுவார்கள். சார்லட் பையன். வீட்டில் ஐரேசிங் என்ற கணினி சிமுலேட்டரில் பழகி, 2013-இல்தான் லெஜண்ட்ஸ் காரில் ஏறினார். 2016-இல் டிரக் தொடரில் 7 வெற்றி, 2017-இல் அடுத்த நிலைத் தொடரின் சாம்பியன், 2018-இல் கப். பிறகு 2024, 2025 இரண்டு வருடமும் கப் தொடரின் பெரிய ரேஸான டேடோனா 500-இல் வெற்றி. ஐந்தே வருடத்தில் கீழிருந்து உச்சிக்கு. நடந்த கதைதான், ஆனால் அதை அட்டவணையாக எடுத்துக்கொண்டு கடன் வாங்கிய குடும்பங்களை எனக்குத் தெரியும். டிரக் தொடரில் நல்ல அணியில் ஒரு முழு சீசன் என்றால் கணக்கு மில்லியன் டாலர்களில் போகும்.

வயது விதியையும் தெரிந்துகொள்ளுங்கள். 2001-இல் கலிபோர்னியாவின் ஃபான்டானாவில், பதினாறு வயது ஓட்டுநர் கைல் புஷ்ஷை டிரக் ரேஸிலிருந்து வெளியே அனுப்பினார்கள். அந்த வார இறுதிக்குச் சிகரெட் நிறுவனம் விளம்பரதாரர், அதனால் பதினெட்டுக்குக் கீழே இருப்பவர் ஓடக்கூடாது என்பதே காரணம். அடுத்த ஆண்டு பதினெட்டு என்று விதி வந்தது. பின்னர் தளர்த்தினார்கள். இப்போது டிரக்குக்குக் கீழ்ப்படியான ஆர்கா தொடரில் பதினைந்து, டிரக்கில் பதினாறு. ஆனால் பதினெட்டு ஆகும்வரை டிரக்கில் சிறிய டிராக்குகளும், வலமும் இடமும் திரும்பும் ரோடு கோர்ஸ்களும் மட்டுமே. வயது ஆனால் போதாது. ஓடிய ரேஸ்கள், முடிவுகள் எல்லாவற்றையும் அனுப்பி நாஸ்காரின் ஒப்புதல் வாங்கவேண்டும், அதுவும் டிராக்கின் நீளத்தைப் பொறுத்துப் படிப்படியாகத்தான் தருவார்கள். இவனுடைய பட்டியலைப் போன மாதம் தயார் செய்தோம். வெற்றிகளைவிட, எத்தனை ரேஸைக் கடைசிச் சுற்றுவரை ஓடி முடித்தான் என்ற வரிசையைப் பார்க்க எனக்கு நிம்மதியாக இருந்தது.

இப்போது வீட்டில் ஒரு சண்டை ஓடுகிறது. சேர்த்த பணத்தில் ஒரே ஒரு டிரக் ரேஸ் ஓடிப் பெயரைக் காட்டலாம் என்கிறார் கணவர். அதே பணத்தில் லேட் மாடலில் பாதி சீசன் ஓடலாம் என்கிறேன் நான். மகன் என் பக்கம். ஹிக்கரியில் நாலாம் திருப்பத்திலிருந்து வெளியேறும்போது இன்னும் லூஸாக இருக்கிறதாம், அதைச் சரிசெய்யாமல் எங்கும் வரமாட்டானாம்.

உங்கள் பிள்ளைக்கு ஆசை இருந்தால் காரைத் தேடுவதற்கு முன் ஒரு கோடை இரவு கான்கார்டுக்கு வாருங்கள். கேலரி டிக்கெட் வேண்டாம், பிட் பாஸ் வாங்குங்கள். அங்கே நின்றால்தான் யார் என்ன செய்கிறார்கள் என்று தெரியும். பிள்ளைக்கு அங்கேயும் உங்கள் கையெழுத்து கேட்பார்கள், அடையாள அட்டை கொண்டுவாருங்கள். செருப்பு வேண்டாம், மூடிய ஷூ. காதுக்கு நல்ல மஃப் வாங்கி வாருங்கள், பஞ்சு போதாது.