க்ளூனியில் கேட்டவர்கள், தெய்சேயில் பாடுகிறவர்கள்

பிரான்சின் பர்கண்டிப் பகுதியில், பாடி ஜெபிக்க இளைஞர்கள் கூடும் தெய்சேக்குப் போகிறவர்கள் முதலில் க்ளூனியைப் பார்த்துவிடுவது நல்லது. நடுவில் 10 கிலோமீட்டர் போலத்தான். க்ளூனி மடம் 910-ல் தொடங்கியது. 1088-ல் அங்கே எழும்பத் தொடங்கிய ஆலயம், ரோமில் இப்போதுள்ள புனித பேதுரு பேராலயம் வரும்வரை கிறிஸ்தவ உலகிலேயே பெரியது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு அதை விற்றார்கள், வாங்கியவர்கள் கல் கல்லாகப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஒரு பக்கக் கட்டும் எண்கோணக் கோபுரமும்தான் பெரிதாக மிச்சம். அதை அண்ணாந்து பார்க்கவே கழுத்து வலிக்கிறது.

அங்கே துறவிகளின் வேலையே வழிபாடுதான். இரவும் பகலும் வேதாகமத்தின் சங்கீதப் பாடல்கள், இறந்தவர்களுக்கான ஜெபங்கள். நவம்பர் 2-ஐ சகல ஆத்துமாக்கள் திருநாளாக ஏற்படுத்திய ஓடிலோ இந்த மடத்தின் தலைவர். எழுதிவைத்த ஜெபங்களும் பழைய பாட்டுகளுமாக நடக்கும் முறைமை வழிபாட்டில் ஊறி வளர்ந்த எனக்கு அந்த இடிபாட்டில் நிற்கும்போது மனம் கனத்தது.

கூட வந்த தங்கை மகள் சபையில் கீபோர்டு வாசிக்கிறவள். "பாடினது துறவிகள்தானே மாமா? ஜனங்க என்ன பண்ணாங்க?" என்றாள்.

கேட்டார்கள். வேறென்ன சொல்ல? ஆனால் அவளுடைய சபையிலும் டிரம்ஸும் மேடை விளக்கும் போடும் போட்டில், கீழே நிற்பவர்களின் குரல் பக்கத்தில் இருப்பவருக்கே எட்டுவதில்லை. அதைச் சொன்னதும் கொஞ்ச தூரம் பேசாமல் வந்தாள்.

தெய்சே சின்னக் கிராமம். சுவிட்சர்லாந்துக்காரரான சகோதரர் ரோஜர் 1940-ல் இங்கே வந்து, போரில் தப்பி ஓடிவந்தவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தார். பிறகு அவரைச் சுற்றி ஒரு துறவற சமூகம் உருவானது. இன்று அதில் கத்தோலிக்கரும் உண்டு, புராட்டஸ்டன்டுகளும் உண்டு. 1962-ல் திறந்த ஒப்புரவு ஆலயத்தில்தான் தினமும் மூன்று வேளை ஜெபம். 2005-ல் மாலை ஜெபத்தின் நடுவே ரோஜரை ஒரு பெண் கத்தியால் குத்தியதும் இதே ஆலயத்தில்தான், அவர் பிழைக்கவில்லை.

உள்ளே போனால் மேடை இல்லை. வெள்ளை அங்கி அணிந்த சகோதரர்கள் நடுவில் முழங்காலில் இருக்கிறார்கள், சுற்றிலும் பல நாட்டு இளைஞர்கள் தரையில். எல்லோருடைய முகமும் ஒரே திசையில். ஒரு சிறிய பல்லவி, நான்கு வரிதான் இருக்கும், திரும்பத் திரும்ப வருகிறது. முதலில் வாய் பாடுகிறது, கண் அங்குமிங்கும் அலைகிறது. அப்புறம் பக்கத்தில் யாரோ மெட்டோடு இசைந்துபோகும் மூன்றாம் குரலை எடுக்க, நமக்கும் ஒரு குரல் கிடைத்துவிடுகிறது. நடுவில் நீண்ட மௌனம். அத்தனை இளைஞர்கள் கூடிய இடத்தில் இருமல் சத்தம் மட்டும்.

இந்தப் பாடல்கள் பழமையானவை என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. நீளமான பிரெஞ்சு வழிபாட்டில் வெளிநாட்டு இளைஞர்களால் சேர்ந்துகொள்ள முடியவில்லை என்பதால், 1970களில் பாரிஸ் ஆர்கன் கலைஞர் ஜாக் பெர்தியேவிடம் கேட்டு எழுதி வாங்கியவை அவற்றில் நிறைய. பலவற்றுக்கு மொழி லத்தீன், யாருக்கும் தாய்மொழி இல்லை என்பதாலேயே அது வசதி. ஆக வயதைப் பார்த்தால், தங்கை மகள் சபையில் வாசிப்பதைப் போல இதுவும் தற்காலக் கிறிஸ்தவ இசைதான்! எனக்கு இது கொஞ்சம் சங்கடமாகவே இருந்தது.

குறையும் உண்டு. எங்கள் பழைய பாட்டுப் புத்தகமான பாமாலையின் ஒரு பாட்டில் கிறிஸ்துவின் பிறப்பிலிருந்து உயிர்த்தெழுதல் வரை வரிசையாக வந்துவிடும். நான்கு வரிப் பல்லவியில் அதற்கு இடமில்லை. வேதவாசிப்பு அதை ஓரளவு ஈடுகட்டுகிறது, ஆனாலும் இதையே எல்லா ஞாயிறும் வைத்துக்கொள் என்றால் நான் மாட்டேன்.

வெள்ளி இரவு சிலுவையைத் தரையில் கிடத்துகிறார்கள். ஒவ்வொருவராக வந்து அதன்மேல் நெற்றியை வைத்து ஜெபிக்கிறார்கள், பாட்டு நிற்பதே இல்லை. வரிசையில் எங்கள் முறை வரும்போது நன்றாக இரவாகிவிட்டது.

வெளியே வந்ததும் அவள் ஆரம்பித்தாள். "கிட்டார் இருந்துச்சு மாமா, கவனிச்சீங்களா? மைக்கும் இருந்துச்சு."

கவனித்தேன். ஆனால் வாசித்தது யார் என்று தேடியும் என் கண்ணில் படவில்லை.

"எனக்கும் தெரியலை" என்றாள்.