சி7000 சேஸிஸ்: பவர், ஃபர்ம்வேர், ஐலோ, இதுவரை செய்தது

பழைய எச்பி சி7000 பிளேடு சேஸிஸில் (பிளேடு எனும் மெல்லிய சர்வர்களைச் செருகும் பெட்டி) இப்போது நான்கு பிளேடுகள் ஓடுகின்றன: மூன்று பிஎல்460சி ஜென்8, ஒரு ஜி6. 10யு (ரேக் அலகு) உயரம், அரை உயரப் பிளேடு 16 கொள்ளும். பார்ப்பவர்கள் கண் பிளேடுகள் மேல்தான் போகும். ஆனால் என் நேரமெல்லாம் போனது பின்பக்கம் செருகியிருக்கும், சேஸிஸ் முழுவதையும் நிர்வகிக்கும் ஆன்போர்டு அட்மினிஸ்ட்ரேட்டரில். இனி அதை ஓஏ என்கிறேன்.

முதலில் பவர். சாதாரண சர்வர் மாதிரி பட்டனை அமுக்கியதும் பிளேடு எழுந்துவிடாது. அதற்குள் இருக்கும் ஐலோ (பிளேடைத் தொலைவிலிருந்து நிர்வகிக்க உதவும் தனிச் சில்லு), இவ்வளவு பவர் தேவை என்று ஓஏவிடம் கேட்கும். ஓஏ மின்சாரம், குளிர்ச்சி இரண்டையும் கணக்குப் பார்த்து, பிளேடின் மெசானைன் கார்டும் (நெட்வொர்க் போன்றவற்றுக்கான கூடுதல் அட்டை) பின்னால் உள்ள ஸ்விட்ச்சும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்த்த பிறகுதான் அனுமதி கொடுக்கும். இரண்டு 2400 வாட் சப்ளைகள் மட்டும் இருந்தபோது நான்காவது பிளேடு கிளம்பவே இல்லை. ஓஏவின் பவர் பக்கத்தைத் திறந்தால் உண்மையில் இழுக்கும் வாட் குறைவு. ஒதுக்கிய வாட் மட்டும் உச்சத்தைத் தொட்டு நிற்கிறது. ஓஏ பார்ப்பது நிஜச் செலவை அல்ல, முன்பதிவை. யாரும் உட்காராவிட்டாலும் ரிசர்வ் ஆன சீட் ரிசர்வ் ஆனதுதான்.

மூன்றாவது சப்ளை போட்டு, பவர் சப்ளை ரிடன்டன்ட் முறைக்கு மாற்றினேன். ஒன்று காவலுக்குப் போக, 4800 வாட் கையில் நின்றது. ஏசி ரிடன்டன்ட் முறை பாதி சப்ளைகளை ஒதுக்கி வைக்கும். இரண்டு தனித்தனி மின்வழிகள் வந்தால் அதற்கு அர்த்தம் உண்டு. எல்லாக் கேபிளும் ஒரே லைனில் போய்ச் சேரும் இடத்தில் அது வெறும் அலங்காரம். டைனமிக் பவர் சேவிங்ஸையும் போட்டுவிட்டேன். சுமை குறைவாக இருக்கும்போது உபரி சப்ளையை அது தூங்க வைக்கும். மீதிச் சப்ளைகள் திறன் கூடிய நிலையில் ஓடும்.

கரண்ட் போய் வந்தால் எல்லாம் ஒரே நேரத்தில் எழக் கூடாது. பவர் டிலேயில் ஸ்விட்ச் முதலில், ஸ்டோரேஜ் ஓடும் பிளேடு அடுத்து, மற்றவை கடைசியில் என்று வைத்திருக்கிறேன்.

அப்புறம் ஃபர்ம்வேர், அதாவது வன்பொருளுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள். ஓஏ முதலில், பிறகு ஐலோ, கடைசியில் பயாஸ். இரண்டு ஓஏ இருந்தால் இரண்டிலும் ஒரே பதிப்பு இருக்க வேண்டும். ஓஏ ரீபூட் ஆகும்போது பிளேடுகள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், அதில் பயமில்லை.

ஐலோ அப்டேட்டைத் தள்ளிப்போடுபவர்களுக்கு சிவிஇ-2017-12542 என்ற பாதுகாப்பு ஓட்டை ஒன்றே போதும். ஐலோ 4-இல் 2.53-க்கு முந்தைய பதிப்புகளில், வெப் கோரிக்கையின் கனெக்‌ஷன் ஹெடரில் பெரிய எழுத்து ஏ-யை 29 முறை அனுப்பினால் பாஸ்வேர்டு இல்லாமலே உள்ளே போகலாம். நம்பக் கஷ்டமாக இருக்கும், ஆனால் அவ்வளவுதான். ஐலோ 4 உள்ள ஜென்8 மூன்றையும் 2.70-க்கு மேல் கொண்டுபோனேன். எச்டிஎம்எல்5 கன்சோலும் கூடவே வந்தது, ஜாவா தொல்லை விட்டது.

ஜி6-இல் இருப்பது ஐலோ 2. அதன் பழைய டிஎல்எஸ் குறியாக்கத்தைப் புது பிரவுசர்கள் ஏற்பதில்லை. அதற்கு நான் பிரவுசரையே தொடுவதில்லை. எஸ்எஸ்எச் (கட்டளைகள் அடிக்கும் பாதுகாப்பான தொலை இணைப்பு) வழியாக ஓஏவுக்குள் போய் 'கனெக்ட் சர்வர்' கட்டளையோடு பே (பிளேடு செருகும் இடம்) எண்ணைக் கொடுத்தால் அந்த பிளேடின் ஐலோ வந்துவிடும். அங்கே 'விஎஸ்பி' என்று அடித்தால் சீரியல் கன்சோல். லினக்ஸ் கெர்னலுக்குக் கன்சோல் டிடிஒய்எஸ்1 (இரண்டாவது சீரியல் போர்ட்) என்று முன்பே சொல்லியிருந்தால் பூட் செய்திகள் முழுக்க அதில் ஓடும். வெளியே வர எஸ்கேப், உடனே இடது அடைப்புக்குறி. இது தெரியாதவர்கள் ஜன்னலையே மூடிவிடுவார்கள்.

ஐலோவே உறைந்தால்? பிளேடை ஆஃப் செய்து பயனில்லை. ஐலோ ஸ்டேண்ட்பை மின்சாரத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். 2014-இல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டையைத் தேடும் ஸ்கேன் ஓட்டியதில் ஐலோ 2-கள் உறைந்துபோன கதை தெரிந்ததே. ஓஏவில் 'ரீசெட் சர்வர்' கொடுத்தால் இ-ஃபியூஸ் என்ற மின்னணு ஃபியூஸ் அந்த பேயின் மின்சாரத்தையே வெட்டி மறுபடி கொடுக்கும். பிளேடை உருவிச் செருகிய மாதிரி, எழுந்து போகாமலே. ஓடிக்கொண்டிருக்கும் பிளேடில் அடித்தால் அதுவும் பட்டென்று விழும் என்பதால் பே எண்ணை இரண்டு தடவை பார்த்துவிட்டு அடிப்பது வழக்கம்.

ஐலோக்களின் ஐபி முகவரிகளை ஓஏவின் இபிஐபிஏ வசதி வழியாக, பே வாரியாகக் கொடுத்திருக்கிறேன். பிளேடு மாறினாலும் மூன்றாம் பேயின் முகவரி மாறாது. ஓஏ, ஐலோ எல்லாம் தனி விலேனில் (பிரித்து வைத்த நெட்வொர்க்). அதற்குள் போக ஒரே ஒரு ஜம்ப் ஹோஸ்ட், அதாவது வாசல் கணினி. அந்த ஹோஸ்ட் இப்போது இதே சேஸிஸின் ஒரு பிளேடில் விர்ச்சுவல் மெஷினாக இருக்கிறது. அந்த பிளேடு விழுந்தால் அதைத் தூக்கிவிடப் போகும் வழியும் சேர்ந்தே விழும் என்பதால், அடுத்த வேலை அதை ஒரு சின்னத் தனி போர்டுக்கு மாற்றுவது.