ஓரத்தில் இருந்த வெள்ளை

நிமோனியா என்று இரண்டு முறை ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்தேன். இரண்டு முறையும் கேட்கவில்லை. நாற்பதைத் தாண்டிய பெண்மணி. புகைப்பழக்கம் கிடையாது, பல வருடமாக ஆஸ்துமா. இரண்டு மாத இருமல், மாலையானால் காய்ச்சல், இரவில் வியர்வை, எடை வேறு ஆறு கிலோ இறங்கியிருந்தது. இப்படிச் சொன்னால் முதலில் காசநோய்தான் ஞாபகம் வரும். சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை.

மூன்றாவது முறை வந்தபோது பழைய எக்ஸ்-ரேக்களை வரிசையாக விளக்கில் மாட்டினேன். நடுவில் நுரையீரல் தெளிவாக இருக்க, இரு பக்க ஓரங்களிலும் மேலே வெள்ளை அப்பியிருந்தது. இதயம் பலவீனமாகி நீர் கோத்தால் வெள்ளை நடுவில் இருக்கும். இது அதன் நெகட்டிவ். படித்த பாடம்தான். அப்புறம் முதல் நாள் ரத்த அறிக்கையைத் தேடி எடுத்தேன். வெள்ளையணுக்களின் மொத்த எண்ணிக்கையைப் பார்த்ததுமே தொற்று என்று முடிவு கட்டியிருக்கிறேன். இரண்டு வரி கீழே, ஒவ்வாமையிலும் புழுத் தொற்றிலும் கூடும் வெள்ளையணு வகையான ஈசினோபில் 28 சதவீதம். வழக்கமாக ஐந்தாறைத் தாண்டாது. ஆய்வகத்தில் பக்கத்திலேயே நட்சத்திரக் குறியும் போட்டிருந்தார்கள்.

மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோப்பியில் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் பாதிக்கு மேல் ஈசினோபில். நாள்பட்ட ஈசினோபிலிக் நிமோனியா; கிருமியால் அல்ல, ஈசினோபில்கள் நுரையீரலில் குவிவதால் வருவது. 1969இல் கேரிங்டனும் சகாக்களும் விவரித்த அபூர்வ நோய். ஆனாலும் ஒட்டுண்ணிப் புழுக்களும், அவர் சாப்பிட்டு வந்த மாத்திரைகளும் காரணமில்லை என்று உறுதி செய்யாமல், இதன் மருந்தான ஸ்டீராய்டைத் தொடவில்லை. ஸ்ட்ராங்கிலாய்டஸ் புழு உள்ளே இருந்தால் ஸ்டீராய்டில் அது பெருகி உயிருக்கே உலை வைத்துவிடும்.

பிறகு ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு, உடல் எடையில் கிலோவுக்கு அரை மில்லிகிராம். மூன்றாம் நாள் காலை, "டாக்டர், நேத்து ராத்திரி படுத்தே தூங்கினேன்" என்றார். இரண்டு மாதமாக உட்கார்ந்தபடியே தூங்கியவர். இரண்டு வாரத்தில் எக்ஸ்-ரே துடைத்துவிட்டாற்போல் இருந்தது. எனக்குப் பெருமைதான், கொஞ்சம் வெட்கமும்.

சிரமம் மருந்தைக் குறைப்பதில். பாதிப் பேருக்காவது நோய் திரும்பும். முகம் உப்பி, சர்க்கரையும் ஏறியதும், "இதை எப்ப நிறுத்துவீங்க?" என்று ஒவ்வொரு முறையும் கேட்டார். மாதக்கணக்கில் மெதுவாக இறக்கி 5 மில்லிகிராமுக்கு வந்த வாரம், போனில் அவர் பேசுவதற்கு முன்பே இருமல் கேட்டது.

மறுநாள் ரத்த அறிக்கை வந்தது. மொத்த எண்ணிக்கையைப் பார்க்கவே இல்லை. கண் நேராகக் கீழ் வரிக்குப் போனது. 14.