உயரம் இல்லாத இடத்தில் கரணம்

தரையை உரசுவதுபோல் குட்டி விமானங்கள் கரணம் அடிக்கும் வீடியோக்களுக்கு விழும் லைக்குகளைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

1980 ஜூன் 23, டெல்லி. இந்திரா காந்தியின் 33 வயது மகன் சஞ்சய் காந்தி, சப்தர்ஜங் விமான நிலையத்திலிருந்து பிட்ஸ் எஸ்-2ஏ விமானத்தில் கிளம்பினார். கூடவே கேப்டன் சுபாஷ் சக்சேனா. தாழ்வாகச் சாகசம் செய்தபோது விமானம் கட்டுப்பாடு இழந்து விழுந்தது. இருவருமே பிழைக்கவில்லை. இத்தனைக்கும் அது சாகசத்துக்கென்றே செய்யப்பட்ட விமானம்!

வட்டமடித்து மூக்கு கீழ்நோக்கி இறங்கும்போது தரை நெருங்கும். பயத்தில் கை தானாகவே ஸ்டிக்கை, அதாவது விமானத்தை ஓட்டும் கைப்பிடியை, இழுக்கும். இழுக்க இழுக்க, இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் கூடும். ஓர் அளவைத் தாண்டினால் தூக்குவிசை சட்டென்று சரியும். இதுதான் ஸ்டால். நல்ல வேகத்தில் போனாலும் இது நடக்கும். மீள்வதற்கு அந்தப் பிடியைத் தளர்த்தி மூக்கைத் தாழ்த்த வேண்டும். அதற்கு உயரம் வேண்டும். பாராசூட் விரியவும் உயரம்தான் வேண்டும்.

அமெரிக்காவில் சிறப்பு அனுமதி இல்லாமல் 1,500 அடிக்குக் கீழே சாகசம் கூடாது. ஜன நெருக்கடியான இடத்துக்கு மேலே எந்த உயரத்திலும் கூடாது.

ஃப்ளையிங் கிளப்பில் சேரும் தம்பி தங்கைகளே, "தாழ்வா ஒரே ஒரு ரவுண்டு" என்று யார் கூப்பிட்டாலும் ஏறாதீர்கள். அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி.