சரிந்து நிற்கும் ட்ராம் வண்டி

கனடாவின் வின்னிபெக் நகரில் எனது முதல் விண்டர். கோல் சென்டரில் இரவு வேலை முடிந்து, விடியற்காலையில் மெயின் வீதியில் பஸ்ஸுக்கு நிற்பேன். கண்ணிமை மயிரில் பனி கட்டிவிடும் குளிர். மார்க்கெட் அவென்யூ மூலையில் துருநிற இரும்பில் ஒரு ட்ராம் வண்டி, நிலத்துக்குள் பாதி புதைந்து சரிந்தபடி நிற்கும். ஏதோ விபத்தின் நினைவு என்றுதான் நினைத்திருந்தேன்.

அது 1919 பொது வேலைநிறுத்தத்தின் நினைவுச்சின்னம். நூறாண்டு நிறைவில், 2019இல் வைத்தார்கள். கூட்டாகப் பேரம் பேசும் உரிமைக்கும் பிழைக்கக்கூடிய சம்பளத்துக்குமாகக் கட்டிட, உலோகத் தொழிலாளர்கள் தொடங்கிய போராட்டம். மே 15 காலை 11 மணிக்கு எல்லாரும் வேலையை விடுவதென்று முடிவு. ஆனால் காலை ஏழு மணிக்கே முதலில் எழுந்து போனவர்கள் தொலைபேசி இணைப்பகத்துப் பெண்கள். இதை வாசித்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. காதில் ஹெட்செட்டோடு எட்டு மணித்தியாலம் இருப்பவள் நான். அந்தக் கதிரையை விட்டு எழும்ப எவ்வளவு துணிவு வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

ஏறத்தாழ 30,000 பேர் வேலையை விட்டார்கள். எங்கள் ஊரில் ஹர்த்தால் என்றால் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருப்போம். இங்கே வேலைநிறுத்தக் குழுவே அனுமதி அட்டை கொடுத்து, பாலும் பாணும் வீடுகளுக்குப் போகப் பார்த்துக்கொண்டது. எதிர்த்தரப்போ, எல்லாம் வெளிநாட்டார் மூட்டிவிட்ட கலகம் என்றது. வந்தேறிகள் மேல் பழி போடுவது அன்றைக்கே பழகிப்போன வேலை. ஜூன் 21, நகர மண்டபத்துக்கு முன்னால் கூட்டம் ஒரு ட்ராமைச் சரித்துத் தீ வைத்தது. குதிரைப் பொலிஸ் சுட்டதில் இரண்டு பேர் செத்தார்கள். அதில் ஒருவர் மைக் சொகொலோவ்ஸ்கி, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து பிழைக்க வந்தவர். ஜூன் 26இல் போராட்டம் முடிந்தது. கேட்டது உடனே கிடைக்கவில்லை.

போன கிழமை வீடியோ கோலில் அம்மாவுக்கு அந்த வண்டியைக் காட்டி, கதையையும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவ ஒன்றே ஒன்றுதான் கேட்டா:

"அந்தப் பொம்பிளைப் பிள்ளையளுக்குச் சாப்பாடு ஆர் குடுத்தது?"

ஹெலன் ஆம்ஸ்ட்ரோங் என்றொரு பெண், அம்மா. வேலைநிறுத்தம் செய்த பெண்களுக்கென்றே சமையற்கூடம் நடத்தி, காசு வாங்காமல் சாப்பாடு போட்டவ.