63 வாங்கியும் தேறவில்லை

100-க்கு 63 வாங்கியவர் தேறாமல் போக முடியுமா? டெலே என்ற ஸ்பானிஷ் மொழித் தேர்வில் முடியும். வாசிப்பும் எழுத்தும் ஒரு தொகுதி. கேட்டலும் பேச்சும் இன்னொன்று. ஒவ்வொன்றிலும் 50-க்கு 30 எடுக்க வேண்டும். பி2 என்ற மேல் இடைநிலைத் தேர்வில் எனக்கு முதலாவதில் 36, இரண்டாவதில் 27. 'நோ ஆப்தோ', அதாவது தேர்ச்சி இல்லை என்று வந்தது. கடலூரிலிருந்து டெல்லிக்குப் போய் வந்த செலவை அப்பா இன்றும் சொல்லிக் காட்டுவார்.

தப்பு என்னுடையதுதான். பேச்சுத் தேர்வில் ஒவ்வொரு வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் கட்டி, அப்புறம் ஸ்பானிஷுக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். போதாக்குறைக்கு 'பெர்ரோ' என்றால் நாய், 'பெரோ' என்றால் ஆனால். வீட்டில் நாய் இருக்கிறது என்று சொல்ல வந்தவன், 'வீட்டில் ஒரு ஆனால் இருக்கிறது' என்றேன். நம் ஊரில் ர, ற வித்தியாசம் யார் நாக்கில் இருக்கிறது, சொல்லுங்கள்!

புதுச்சேரியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற ஓர் ஐயாவிடம் போய்ப் புலம்பினேன். "இங்கிலீஷை எதுக்குத் தம்பி நடுவுல நிக்க வைக்கிற?" என்றார். அன்று இரவு 'மே குஸ்தா எல் கஃபே'யை எடுத்து வைத்துப் பார்த்தேன். எனக்குக் காபி பிடிக்கும். 'மே' என்றால் 'எனக்கு', அதே நான்காம் வேற்றுமை! ஆங்கிலத்தில் அங்கே 'நான்' வந்து உட்கார்ந்துகொள்ளும். 'ஆப்லோ' என்றாலே 'பேசுகிறேன்'. ஆள் யாரென்று விகுதியே சொல்லிவிடும். 'தோதோ'வில் இரண்டாவதாக வருவது, நம் 'அது'வில் வரும் மெல்லிய 'த'தான். ஆசை, ஐயம் போன்றவற்றைச் சொல்லும் சப்ஜன்க்டிவ் என்ற வினை வடிவம் மட்டும் எந்தத் தமிழுக்கும் அடங்கவில்லை, மனப்பாடம்தான்.

மறுமுறை இரண்டாம் தொகுதியில் 38. பிறகு முதுகலை, கல்லூரி ஆசிரியர் வேலைக்கான நெட் தகுதித் தேர்வு. (நெட் தேர்வில் ஸ்பானிஷும் ஒரு பாடம் என்பது நம் பக்கத்தில் பலருக்குத் தெரியாது.) இப்போது புதுச்சேரியில் ஸ்பானிஷும் மொழிபெயர்ப்பும் நடத்துகிறேன்.

போன வாரம் வகுப்பில், பேரன் பாட்டியோடு பேசும் ஓர் உரையாடலைக் கொடுத்தேன். ஸ்பானிஷில் 'தூ' என்றால் நீ, 'உஸ்தேத்' என்றால் நீங்கள். பேரன் 'தூ' என்கிறான். நேராகத் தமிழுக்கு வந்தவர்கள் 'நீ' என்று எழுதினார்கள். மனசுக்குள் ஆங்கிலத்தைச் சுற்றிவந்தவர்களுக்கு அந்த வேறுபாடே கண்ணில் படவில்லை. பழக்கத்தில் 'நீங்கள்' போட்டுவிட்டார்கள். ஒரு மாணவி மட்டும் தெரிந்தே போட்டிருந்தாள். "பாட்டியை நீன்னு சொன்னா எங்க வீட்ல அடி விழும் சார்" என்றாள் அந்த லாஸ்பேட்டைப் பெண். "எங்க ஆயாவை நீங்கன்னு கூப்பிட்டா, என்மேல என்னடா கோபம்னு கேக்கும்" என்றான் பண்ருட்டிப் பையன்.

என் பாட்டியையும் நான் நீ என்றுதான் சொன்னேன். ஆனாலும் அந்த இரண்டு பேருக்கும் முழு மதிப்பெண் போட்டேன்.